சிவப்புப் புள்ளி 2-ஆ, 6-ஆ? துப்பாக்கி வாங்கிய ஒரு டாக்டரின் இழை

1/
டல்லாஸ் பக்கம் இருக்கிற ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டிருந்தார்: "அக்கா, வீட்டுப் பாதுகாப்புக்கு ஹேண்ட்கன் வாங்கிட்டேன். மேல ரெட் டாட் சைட் போடணும். 2 எம்.ஓ.ஏ. வாங்கவா, 6 எம்.ஓ.ஏ. வாங்கவா?"

ஒரே வரியில பதில் சொல்லியிருக்கலாம். ஆனா அந்த ஒரு வரியைக் கத்துக்க எனக்கு ஒரு வருஷமும், மறக்கவே முடியாத ஒரு ராத்திரியும் ஆச்சு. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். பொறுமையா படிங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் துப்பாக்கிக்கு விளம்பரம் பண்றவ இல்லை. டெக்சாஸ்ல எமர்ஜென்சி டாக்டர். இங்க சட்டப்படி துப்பாக்கி வாங்கறது சுலபம். இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம கைத்துப்பாக்கி வச்சுக்க முடியாது.

ஊர்ல இருந்து படிக்கிறவங்க "நமக்கு எதுக்கு இது?"னு தள்ளிப் போயிடாதீங்க. இதுல பாதி துப்பாக்கி பத்தி, மீதி பாதி கண்ணு பத்தி. வெள்ளெழுத்தும் சிலிண்டர் பவரும் எல்லா ஊர்லயும் உண்டு.

3/
ஏன் வாங்கினேன்? ஒரு நைட் ஷிப்ட்ல ஒருத்தர் ஓபியாய்டு மாத்திரை எழுதித் தரச் சொன்னார். தேவையில்லைன்னு மறுத்தேன். போகும்போது நின்னு, "நீ எந்தக் கார்ல வர்றேன்னு எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டுப் போனார்.

இந்த மாதிரி பேச்சு எங்க டிபார்ட்மெண்டுக்குப் புதுசு இல்லை. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு எங்க தெரு முனையில ஒரு பிக்கப் டிரக் விளக்கை அணைச்சிட்டு ரெண்டு ராத்திரி நின்னுச்சு. அவர்தானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

4/
911 கூப்பிட்டேன். நாங்க இருக்கிறது நகர எல்லைக்கு வெளியே. போலீஸ் வர 25 நிமிஷம் ஆச்சு. வந்தவர் மரியாதையாத்தான் பேசினார். "டாக்டர், ராத்திரியில இந்த ஏரியா முழுக்கப் பார்க்கிறது நாங்க ரெண்டே பேர்"னார்.

வீட்டுக்காரர் மாசத்துல பாதி நாள் வேலையா வெளியூர். வீட்டுல நானும் 15 வயசுப் பையனும். அந்த 25 நிமிஷம் என் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்துச்சு. அடுத்த மாசம் ஒரு 9 எம்.எம். கைத்துப்பாக்கி வாங்கினேன்.

5/
டாக்டருக்கு இதோட ஆபத்து தெரியாதான்னு கேட்பீங்க. நல்லாவே தெரியும். அமெரிக்காவுல துப்பாக்கியால நடக்கிற சாவுல பாதிக்கு மேல தற்கொலை. 2020-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த கலிபோர்னியா ஆய்வுப்படி, கைத்துப்பாக்கி வச்சிருந்த ஆண்கள் தன்னைத் தானே சுட்டுக்கிட்டு இறக்கிற வாய்ப்பு, வச்சிருக்காத ஆண்களைவிட சுமார் 8 மடங்கு. பெண்களுக்கு சுமார் 35 மடங்கு.

இதையெல்லாம் படிச்சவதான் வாங்கினேன். பயம் வந்துட்டா புள்ளிவிவரம் ஜெயிக்காது. அதனால துப்பாக்கிக்கு முன்னாடியே நம்பர் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி வாங்கி, கட்டில் பக்கத்துல போல்ட் அடிச்சு வச்சேன். நம்பர் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

6/
இப்போ கண்ணுக்கு வருவோம். சாதாரணக் கைத்துப்பாக்கியில முன்னாடி ஒரு முனை, பின்னாடி ஒரு வெட்டு இருக்கும். அயர்ன் சைட்னு சொல்வாங்க. பின் வெட்டு, முன் முனை, எதிர்ல இருக்கிற இலக்கு, இந்த மூணையும் ஒரே கோட்டுல கொண்டு வரணும்.

கண்ணால ஒரு நேரத்துல ஒரு தூரத்தை மட்டும்தான் தெளிவாப் பார்க்க முடியும். முன் முனையைத்தான் தெளிவாப் பாருன்னு சொல்லித் தருவாங்க. அது கையை நீட்டின தூரத்துல, கிட்டத்தட்ட 65 செண்டிமீட்டர்ல இருக்கு. எனக்கு வயசு 47. வெள்ளெழுத்து வந்தாச்சு. மாத்திரை அட்டையில இருக்கிற எழுத்தையே கையை நீட்டித்தான் படிக்கிறேன்.

7/
ப்ரோகிரஸிவ் கண்ணாடி போட்டா, அந்தத் தூரத்துக்கான பவர் லென்ஸோட நடுவுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். முன் சைட்டைப் பார்க்க நான் தாடையைத் தூக்கி, கோழி தண்ணி குடிக்கிற மாதிரி நின்னேன். என் இன்ஸ்ட்ரக்டர், ரிட்டயர்டு போலீஸ்கார அம்மா, சிரிக்காம இருக்கப் பார்த்து முடியாம, "உங்க வயசுக்கு ரெட் டாட் போட்டுக்கங்க"ன்னு சொன்னாங்க.

8/
ரெட் டாட்னா என்ன? சினிமாவுல ஹீரோ நெத்தியில விழுற சிவப்புப் புள்ளி லேசர். இது அது இல்லை. இதுல ஒரு சின்ன எல்.இ.டி., எதிர்ல சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புற பூச்சு போட்ட ஒரு கண்ணாடி. வெளிச்சம் அதுல பட்டு இணையான கதிரா நம்ம கண்ணுக்கு வரும். அதனால புள்ளி ரொம்பத் தூரத்துல மிதக்கிற மாதிரி தெரியும். சுடுறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். எதிர்ல இருக்கிறவர் மேல எதுவும் விழாது.

இதுல முன் முனையைப் பார்க்க வேண்டியதில்லை. தூரத்துல இருக்கிற ஆளைப் பார்த்தாப் போதும், புள்ளி தானா அங்க தெரியும். தூரப் பார்வை மட்டும் போதும். வெள்ளெழுத்துக்காரங்களுக்கு இதுதான் பெரிய வரம்.

9/
அடுத்தது எம்.ஓ.ஏ. மினிட் ஆஃப் ஆங்கிள். ஒரு டிகிரியை 60 பங்கு போட்டா ஒரு மினிட். பார்த்தவுடனே எனக்கு இது பழைய சொந்தக்காரன்னு தோணுச்சு. கண் டாக்டர் சுவத்துல மாட்டியிருக்கிற எழுத்து அட்டையும் இதே கணக்குதான்!

6/6 வரியில இருக்கிற எழுத்து நம்ம கண்ணுக்கு 5 மினிட் உயரம். அதுல ஒவ்வொரு கோடும் 1 மினிட். அப்படின்னா 6 எம்.ஓ.ஏ. புள்ளி அந்தக் கடைசிப் பொடி எழுத்தைவிடக் கொஞ்சம்தான் பெருசு. 2 எம்.ஓ.ஏ. புள்ளி அந்த எழுத்துல பாதிகூட இல்லை.

10/
அதே புள்ளி தூரம் போகப் போக இலக்கு மேல அதிக இடத்தை மறைக்கும். தோராயக் கணக்கு:

7 கஜத்துல (ஒரு பெரிய ஹால் நீளம்): 2 எம்.ஓ.ஏ. 4 மில்லிமீட்டர், 6 எம்.ஓ.ஏ. 11 மில்லிமீட்டர்.
25 கஜத்துல: 2 எம்.ஓ.ஏ. 13 மில்லிமீட்டர், 6 எம்.ஓ.ஏ. 40 மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கைப் பார்த்துட்டு நான் என்ன பண்ணேன்? "டாக்டராச்சே, நுணுக்கமா இருக்கணும்"னு 2 எம்.ஓ.ஏ. வாங்கினேன். பேப்பர் இலக்குல ஓட்டை எல்லாம் கிட்டக் கிட்ட விழுந்தா மனசுக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

11/
நாங்க பழகினது திறந்தவெளி ரேஞ்ச். டெக்சாஸ் வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெளிச்சத்துல சின்னப் புள்ளி தொலைஞ்சு போகும். அதனால பிரைட்னஸைக் கூட்டினேன். அப்புறம் இன்னும் கூட்டினேன்.

அதுலயும் புள்ளி வட்டமாத் தெரியலை. வால் முளைச்ச காற்புள்ளி மாதிரி இருந்துச்சு. சைட்லதான் கோளாறுன்னு முதல்ல நினைச்சேன். பெருசா ஆராயலை. குண்டு விழ வேண்டிய இடத்துல விழுதே, போதும்னு விட்டுட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்தை ஞாபகம் வச்சுக்கங்க.

12/
மார்ச்ல அப்பா ஊர்ல இருந்து வந்தார். 76 வயசு. சர்க்கரை, ப்ரோஸ்டேட், ரெண்டும் உண்டு. ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பார். வந்து மூணாவது நாள், ஜெட் லாக் தெளியலை. வீட்டுக்காரர் ஊர்ல இல்லை.

ராத்திரி 3 மணி இருக்கும். கீழே கிச்சன்ல இருந்து "டங்"குனு ஒரு சத்தம். அப்புறம் ஏதோ இழுபடுற சத்தம். நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்பா வந்திருக்கார்ங்கிறதே அந்த நேரத்துல மூளையில இல்லை. பிக்கப் டிரக்தான் இருந்துச்சு.

13/
பெட்டியைத் திறந்தேன். துப்பாக்கியை எடுத்தேன். இன்ஸ்ட்ரக்டர் சொல்லிச் சொல்லி மண்டையில ஏத்தின ஒரே விஷயம்தான் அன்னிக்குக் காப்பாத்துச்சு: யாருன்னு தெரியற வரைக்கும் முனை கீழே, விரல் ட்ரிகருக்கு வெளியே.

மாடிப்படி மேல நின்னேன். முனை தரையைப் பார்த்து. கண்ணாடி போடலை. ராத்திரி 3 மணிக்கு யாரு கண்ணாடியைத் தேடுவாங்க? சைட்டைப் பார்த்தேன். புள்ளியே இல்லை. அந்தச் சின்னக் கண்ணாடி முழுக்க சிவப்பு நூல்கண்டு பிரிஞ்ச மாதிரி ஒரே வெளிச்சம். மத்தியான வெயிலுக்கு வச்ச பிரைட்னஸ் அப்படியே இருந்துச்சு. கீழே இருட்டுல ஒரு உருவம் அசையுது.

14/
"யாரு?"ன்னு கத்தினேன். தமிழ்ல. ஏன் தமிழ்ல கத்தினேன்னு தெரியலை. பயத்துல தாய்மொழிதான் வரும் போல.

"நான்தாம்மா. தண்ணி குடிக்க வந்தேன். இந்த ஊர்ல ஸ்விட்ச் எங்க வச்சிருக்கீங்கன்னே தெரியலை. சொம்பு கீழே விழுந்துடுச்சு, தூங்கு."

துப்பாக்கியைப் பெட்டியில வச்சுப் பூட்டறதுக்குள்ள மூணு தடவை நம்பர் தப்பாப் போட்டேன். கீழே போய் லைட் போட்டு, டீ போட்டேன். அப்பா இடுப்பு வேட்டியை இறுக்கிக்கிட்டு, "ஏன் இப்படி நடுங்கற, சுகர் லோ ஆயிடுச்சா?"ன்னார். இல்லப்பான்னேன். கையில என்ன இருந்துச்சுன்னு அவருக்குச் சொல்லலை.

15/
மறுநாள்ல இருந்து அந்தச் சிவப்பு நூல்கண்டைப் பத்தியே யோசிச்சேன். சிகிச்சையில தப்பு நடக்கப் பார்த்தா, எங்கெங்க ஓட்டை இருந்துச்சுன்னு உட்கார்ந்து பேசுவோம். அதே மாதிரி எனக்கு நானே ஒரு மீட்டிங் போட்டேன். மூணு ஓட்டை.

ஒண்ணு, கண். சிலிண்டர் பவர், அதாவது அஸ்டிக்மாட்டிசம். கருவிழி கால்பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவா இல்லாம, ரக்பி பந்து மாதிரி ஒரு பக்கம் கூடுதலா வளைஞ்சிருக்கும். புள்ளி புள்ளியா விழாது, கோடா இழுபடும். ராத்திரி வண்டி ஓட்டும்போது எதிர் வண்டி விளக்கு நட்சத்திரமா சிதறுதா? அதுவேதான் இது.

16/
ரெண்டாவது, இருட்டும் பயமும். ரெண்டுலயும் கண்மணி விரியும். கண்மணி விரிஞ்சா கருவிழியோட ஓரத்து வழியாவும் வெளிச்சம் உள்ள வரும். குறை எல்லாம் பெருசாத் தெரியும். ரேஞ்ச்ல பகல்ல காற்புள்ளியா தெரிஞ்சது, ராத்திரி நூல்கண்டா ஆனது இதனாலதான்.

மூணாவது, பிரைட்னஸ். சின்னப் புள்ளியை வெயில்ல கண்டுபிடிக்க நான் கூட்டி வச்ச வெளிச்சம், இருட்டுல என்னையே குருடாக்குச்சு.

17/
கோளாறு கண்ணுலயா, சைட்லயான்னு கண்டுபிடிக்க ரெண்டு சுலபமான சோதனை. துப்பாக்கி காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு (இல்லேன்னா சைட்டைக் கழட்டி வச்சுக்கிட்டு) செய்ங்க.

ஒண்ணு: சைட் வழியா போன்ல போட்டோ எடுங்க. போட்டோவுல வட்டமா இருந்து, கண்ணுக்குக் கோணலாத் தெரிஞ்சா, கோளாறு கண்ணுல.
ரெண்டு: சைட்டை மெதுவாச் சாய்ச்சுத் திருப்புங்க. வாலும் கூடவே திரும்பினா சைட் கோளாறு. சைட் திரும்பியும் வால் அதே திசையில நின்னா உங்க கண்ணு.

என் வால் அசையவே இல்லை. ஆப்டோமெட்ரிஸ்ட்கிட்ட போனேன். சிலிண்டர் 0.75-ல இருந்து 1.25 ஆகியிருந்துச்சு. ரெண்டு வருஷமா பழைய கண்ணாடி. ஊருக்கெல்லாம் செக்கப் சொல்ற டாக்டரம்மா!

18/
புதுக் கண்ணாடி போட்டதும் புள்ளி பாதி திருந்துச்சு. ஆனா ராத்திரி கண்ணாடி இருக்காதே? அதனால இன்ஸ்ட்ரக்டர்கிட்ட இருந்து வேற வேற அளவு சைட் கடன் வாங்கி, இருட்டு ரூம்ல, கண்ணாடி இல்லாம, காலித் துப்பாக்கியில பார்த்தேன். 2, 3.25, 6.

6-தான் எனக்கு ஒத்து வந்துச்சு. காரணம்: 2-ஐவிட 6 புள்ளியோட பரப்பளவு 9 மடங்கு. குறைஞ்ச பிரைட்னஸ்லயே பளிச்சுன்னு தெரியும். பிரைட்னஸ் குறைய, சிதறல் குறையும். ஓரம் கொஞ்சம் கலைஞ்சாலும் நடு எதுன்னு தெரியும்.

19/
இன்னொண்ணு, கை நடுக்கம். எல்லாருக்கும் இயல்பாவே ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. சின்னப் புள்ளி எறும்பு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கிறதாத் தெரியும். "நிக்கட்டும், அப்புறம் சுடலாம்"னு காத்திருந்து, கடைசியில ட்ரிகரை வெடுக்குன்னு இழுப்போம். பெரிய புள்ளியிலயும் நடுக்கம் அதே அளவுதான். ஆனா கண்ணை உறுத்தாது, மனசும் பதறாது.

வீட்டுக்குள்ள அதிகபட்ச தூரம் எங்க வீட்டுல 12 கஜம். அந்தத் தூரத்துல 6 எம்.ஓ.ஏ. மறைக்கிறது 2 செண்டிமீட்டர்கூட இல்லை. அதுல நான் எதை இழக்கறேன்? ஒண்ணும் இல்லை.

20/
2 எம்.ஓ.ஏ. மோசம்னு அர்த்தம் இல்லை. 25 கஜத்துக்கு மேல, சின்ன இலக்குல, கண் நல்லா இருக்கிறவங்களுக்கு அதுதான் துல்லியம். நடுவுல 3.25 மாதிரி அளவும் உண்டு, அதையும் நிறையப் பேர் விரும்பறாங்க.

சில சைட்ல 2 எம்.ஓ.ஏ. புள்ளியைச் சுத்தி 32 எம்.ஓ.ஏ. வட்டம் வரும். 32 மினிட்னா எவ்வளவு? வானத்துல பௌர்ணமி நிலா நம்ம கண்ணுக்கு கிட்டத்தட்ட அதே அளவுதான். வட்டம் சீக்கிரம் கண்ணுல படும். ஆனா என் சிலிண்டர் கண்ணுக்கு ராத்திரியில வட்டமும் புள்ளியும் சேர்ந்து கோலம் அழிஞ்ச மாதிரி ஆச்சு. உங்களுக்கு ஒத்து வரலாம், பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

21/
"சைஸ்"னு சொன்னா புள்ளி மட்டும் இல்லை, அந்தக் கண்ணாடி ஜன்னலோட சைஸும் உண்டு. ஒல்லியான துப்பாக்கிக்குச் சின்ன ஜன்னல் சைட்தான் உட்காரும். அகலமான ஸ்லைடு இருந்தா பெரிய ஜன்னல் போடலாம். புதுசாப் பழகறவங்க துப்பாக்கியை உயர்த்தினதும் புள்ளியைத் தேடி முனையை ஆட்டுவாங்க. பெரிய ஜன்னல் இந்தத் தப்பைக் கொஞ்சம் மன்னிக்கும். ஆனா நிஜ மருந்து பயிற்சிதான்: பார்வை இலக்குல, துப்பாக்கி தானா பார்வைக் கோட்டுக்கு வரணும்.

மறைச்சு எடுத்துட்டுப் போறவங்களுக்குச் சின்னது வசதி. நான் வெளியே எடுத்துட்டே போறதில்லை. அதனால என் கை தாங்கற அளவுக்குப் பெரிய ஜன்னல்.

22/
ஆட்டோ பிரைட்னஸ் பத்தி ஒரு வார்த்தை. சென்சார் பார்க்கிறது சைட் இருக்கிற இடத்து வெளிச்சத்தை. நீங்க இருட்டுல நின்னு, எதிர்ல டார்ச் அடிச்சா, சைட் "இருட்டு"ன்னு நினைச்சுப் புள்ளியை மங்கலாக்கிடலாம், வெளிச்சத்துல புள்ளி கரைஞ்சு போகும். நான் கையால செட் பண்றேன். ரேஞ்ச்ல இருந்து வந்து, துப்பாக்கியைக் காலி பண்ணி, ரூம் லைட்டை அணைச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்து அளவு வச்ச பிறகுதான் பெட்டிக்குள்ள போகும். பேட்டரியை வருஷா வருஷம் என் பிறந்தநாளன்னிக்கு மாத்திடறேன்.

23/
இப்போ முக்கியமான விஷயம். அன்னிக்கு ராத்திரி புள்ளி 6-ஆ இருந்து, வட்டமா, அழகா, பளிச்சுன்னு தெரிஞ்சிருந்தா? குண்டு எங்க போகும்னு சரியாச் சொல்லியிருக்கும். அங்க நிக்கிறது எங்கப்பான்னு சொல்லியிருக்காது. எந்த சைட்டும் அதைச் சொல்லாது. சொன்னது என் குரலும், அவர் குரலும்தான்.

அதனால 6 எம்.ஓ.ஏ. சைட் வாங்கின அதே நாள் வாங்கினது: படிக்கட்டுக்கும் கிச்சனுக்கும் நைட் லைட், கட்டில் பக்கத்துல கையில பிடிக்கிற டார்ச். வீட்டு விதி: ராத்திரி எழுந்தா லைட் போடணும். சத்தம் கேட்டா முதல்ல குரல். எல்லா நைட் லைட்டையும் சேர்த்து சைட் விலையில பத்துல ஒரு பங்குகூட ஆகலை.

24/
தம்பிக்கு நேரடி பதில்:

வயசு 40-க்கு மேல, இல்லேன்னா சிலிண்டர் பவர் இருக்கா, வீட்டுக்குள்ள மட்டும்தானா? 6 பக்கம் போங்க.
கண் சுத்தமா, 25 கஜத்துல போட்டியும் சுடுவீங்களா? 2 அல்லது 3.25.
எதுவா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி இருட்டுல, கண்ணாடி இல்லாம பாருங்க. கடை வெளிச்சத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க.
முதல்ல கண் டாக்டர், அப்புறம் துப்பாக்கிக் கடை.

25/
கடைசியா டாக்டரா ஒண்ணு. 2020-ல இருந்து அமெரிக்காவுல 1 முதல் 19 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. வீட்டுல யாராவது மனசு உடைஞ்சு இருந்தா, குடி அதிகமானா, பிள்ளை பேசறதை நிறுத்திட்டா, அன்னிக்கே துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே சட்டப்படி பத்திரமான இடத்துக்கு மாத்துங்க. துப்பாக்கியால தற்கொலைக்கு முயற்சி பண்றவங்கள்ல 10 பேர்ல கிட்டத்தட்ட 9 பேர் பிழைக்கறதில்லை. எங்ககிட்ட வந்தாலும் எங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியறதில்லை.

26/
பையன் பிறந்தநாளன்னிக்கு ராத்திரி, நானும் அவரும் உட்கார்ந்து ஒரே கேள்வி கேட்டுக்கறோம்: "இது இன்னும் இந்த வீட்டுல இருக்கணுமா?" இந்த வருஷம் இருக்கட்டும்னு முடிவு. அடுத்த வருஷம் மறுபடி கேட்போம்.

அப்பாகிட்ட போன வாரம்தான் போன்ல உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த ஸ்விட்ச் எங்க இருக்குன்னு முதல் நாளே காட்டியிருக்கலாமேம்மா"ன்னார்.

காட்டியிருக்கலாம்தான்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. கண்ணு பத்தின கேள்விக்கு முதல் உரிமை.